பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்களில் சான்றிதழ்ப் பிழை

நிரலாளரின் கணினி தொலைவிலுள்ள நிரல் களஞ்சியத்துடன் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்தும்போது, மறுமுனையில் இருப்பது உண்மையான வழங்கிதானா என்று பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள் முதலில் சோதிக்கிறது. வழங்கி காட்டும் சான்றிதழில் தொடங்கும் சங்கிலி, கணினி ஏற்கெனவே நம்பும் மூலச் சான்றிதழ் ஒன்றில் சென்று முடியவேண்டும். முடியாவிட்டால் சான்றிதழ் நம்பத்தக்கதன்று என்ற பிழைச்செய்தி தோன்றும்.

2004ஆம் ஆண்டு முதல் முழுப் பதிப்பாக வெளிவந்த சப்வெர்சன், இந்நிலையில் முடிவைப் பயனரிடமே விட்டது. நிராகரிக்கலாம், இம்முறை மட்டும் ஏற்கலாம், நிரந்தரமாக ஏற்கலாம். சான்றிதழின் கைரேகை எண்ணையும் அது காட்டியது. ஆனால் அதை ஒப்பிட வழங்கியின் நிருவாகியை வேறு வழியில் கேட்டறிய வேண்டும். அவசரத்தில் இருப்பவருக்கு நிரந்தரமாக ஏற்பதற்கான ஓரெழுத்தைத் தட்டுவது எளிது. 2005இல் லினஸ் டோர்வால்ட்சு உருவாக்கிய கிட் இப்படிக் கேட்பதில்லை, இணைப்பை நிறுத்திவிடும். எனினும் சோதனையையே அணைத்துவிடும் அமைப்பு ஒன்று அதில் உண்டு. பலரும் கைக்கொள்ளும் தீர்வு அதுதான்.

அதன் ஆபத்தை 2013 சனவரியில் சீனாவில் நடந்தது காட்டுகிறது. கிட்ஹப் தளம் முழுவதும் மறையாக்கத்துடன் இயங்கியதால், தணிக்கையாளர்களால் அதன் தனிப் பக்கங்களை மட்டும் மறைக்க இயலவில்லை. சனவரி 21 அன்று தளம் முழுவதும் முடக்கப்பட்டு, இரு நாள்களில் மீண்டும் திறக்கப்பட்டது. 26ஆம் தேதி இரவு, சீனாவிலிருந்து கிட்ஹப்பைத் திறந்தவர்களுக்குச் சுமார் ஒரு மணி நேரம் உலாவிகள் சான்றிதழ் எச்சரிக்கை காட்டின. கிட்ஹப்பின் உண்மைச் சான்றிதழை வழங்கியது டிஜிசெர்ட். அன்று வந்ததோ எந்த ஆணையமும் ஒப்பமிடாத, தனக்குத்தானே ஒப்பமிட்டுக்கொண்ட சான்றிதழ். இடையில் யாரோ அமர்ந்திருந்தனர். எச்சரிக்கையைத் தாண்டிச் சென்றவரின் கடவுச்சொல் அவர்கள் கைக்குப் போயிருக்கக்கூடும். சோதனையை அணைத்துவைத்த கிட் பயனருக்கோ அந்த எச்சரிக்கைகூடத் தோன்றியிருக்காது. (எஸ்எஸ்எச் வழி இணைப்பு வேறு முறையில் சரிபார்க்கப்படுவதால் அதற்கு இது பொருந்தாது.)

ஆனால் எல்லாப் பிழைகளுக்கும் பின்னால் தாக்குதல் இருப்பதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் ஆணையம் தன் தொடக்கக் காலத்தில் ஐடென்டிரஸ்ட் நிறுவனத்தின் பழைய மூலச் சான்றிதழைச் சார்ந்திருந்தது. அச்சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2ஐச் சார்ந்த பழைய இயங்குதளங்களில், குறையேதும் இல்லாத வழங்கிகளுக்கும் காலாவதிப் பிழை எழுந்தது. புதிய மூலச் சான்றிதழ் கணினியில் இருந்தும், அம்மென்பொருள் வழங்கி அனுப்பிய சங்கிலியைப் பழைய சான்றிதழ்வரை பின்தொடர்ந்து அங்கேயே நின்றுவிட்டது. இங்குத் தீர்வு விந்தையானது: எதையும் சேர்க்க வேண்டியதில்லை, காலாவதியான மூலச் சான்றிதழைக் கணினியின் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து நீக்கினால் போதும்.

எனவே பிழை வந்ததும் பார்க்கவேண்டியவை, சான்றிதழை வழங்கியவர் பெயரும் அதன் காலாவதித் தேதியுமே. அலுவலக வலையமைப்பில் அங்குள்ள பதிலி வழங்கியின் பெயர் இருந்தால், நிறுவனம் போக்குவரத்தை இடையில் பிரித்துப் பார்க்கிறது என்று பொருள். அப்போது நிறுவனத்தின் மூலச் சான்றிதழை நிருவாகியிடம் பெற்று, அதன் கோப்பைக் கிட்டின் அமைப்பில் குறிப்பிட வேண்டும். விண்டோசில் கிட்டுடன் வரும் தனிப் பட்டியலுக்குப் பதிலாக இயங்குதளத்தின் சான்றிதழ்ப் பட்டியலையே பயன்படுத்துமாறும் நிறுவும்போது தேர்ந்தெடுக்கலாம். முன்பே அணைத்த சோதனையை மீண்டும் இயக்கவும் வேண்டும்; எல்லாக் களஞ்சியங்களுக்கும் பொதுவாக அணைத்திருந்தால், பயனர் நீக்கும்வரை அந்த அமைப்பு அப்படியே நீடிக்கும்.