சஞ்சீவி என்று ஒரு பெயர்

போபாலுக்கு வேலைக்கு வந்த புதிதில் பச்மடி போயிருந்தோம். சாலையோரம் காய்ந்த பழுப்பு உருண்டைகளைக் குவித்து 'சஞ்சீவனி பூட்டி' என்று விற்றார்கள். அம்மாவிடம் போனில் சொன்னதுதான் தப்பு. "உன் மாமா பக்கவாதம் வந்து படுத்துக் கிடக்கான். ரெண்டு வாங்கிட்டு வாடா" என்றார்.

ராத்திரி ஒன்றைத் தண்ணீரில் போட்டேன். காலையில் பச்சைப்பசேலென்று விரிந்து கிடந்தது! சும்மா சொல்லக் கூடாது, ஒரு கணம் எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன். வால்மீகி மிருதசஞ்சீவனி முதலாக நான்கு மூலிகைகளைச் சொல்கிறார். கம்பர் மருத்துமலைப் படலமே பாடியிருக்கிறார். ஆனால் எந்தச் செடி? அனுமனே கண்டுகொள்ள முடியாமல்தானே மலையைப் பெயர்த்தார்!

2009-ல் கர்நாடகத்து விஞ்ஞானிகள் கணேசய்யா, வாசுதேவா, உமா சங்கர் மூவரும் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் இதை ஆராய்ந்தார்கள். இந்திய மொழிகளில் இந்தப் பெயரோ, இதைப் போல ஒலிக்கும் பெயரோ கொண்ட செடிகளைத் தேடியதில் 17 கிடைத்தன. சலித்ததில் மிஞ்சியவை மூன்று. அதில் கிரெஸ்ஸா கிரெட்டிகா உவர்நிலச் செடி. மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிட். மூன்றாவதுதான் நான் வாங்கி வந்த செலாஜினெல்லா பிரையாப்டெரிஸ்.

இது பெரணியின் தூரத்து உறவு. பூக்காது, விதை கிடையாது. காய்ந்தால் சுருளும், ஈரம் பட்டால் மறுபடி பச்சை. ஆர்க்கிட் இப்படிச் செய்யாது. 'மர்யம் பஞ்சா' என்று விற்கும் பாலைவனச் செடியோடும் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது கடுகுக் குடும்பம். மூடிய கை மாதிரி கட்டையாக இருக்கும். தண்ணீரில் விரியும், ஆனால் பச்சையாகாது. செத்த குச்சிகள் ஈரத்தில் அசைகின்றன, அவ்வளவுதான்.

ஆக, தன்னை எழுப்பிக்கொள்ளும் செடிக்குப் பிறரை எழுப்பும் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. காய்ந்தாலும் செல் உடையாமல் காப்பது அதன் உடம்பில் இருக்கும் ஏற்பாடு. கஷாயம் வைத்துக் குடித்தால் நமக்கு வந்துவிடாது. 2016-ல் உத்தராகண்ட் அரசு சஞ்சீவனியைத் தேட 25 கோடி ரூபாய் ஒதுக்கியது தனிக்கதை.

மாமாவுக்கு அதைக் கொடுக்கவில்லை. பிசியோதெரபிக்குத்தான் அனுப்பினோம். அம்மாவுக்கு என் மேல் கொஞ்ச நாள் கோபம். செடி இப்போது துளசி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமா வீட்டுக்கு வந்தால் இடது கையால் அவரே தண்ணீர் ஊற்றுகிறார்.