தழும்பில்லாத வயிற்றில் குடலடைப்பு

வயிற்றறைக்குள்ளேயே ஒரு திறப்பு வழியே குடல் நுழைந்து சிக்கும் உள் குடலிறக்கம் அரிய நோய்தான். சவப் பரிசோதனைகளில் நூற்றுக்கு ஒருவரிடம்கூட அது தென்படுவதில்லை. சிறுகுடல் அடைப்புகளில் அதன் பங்கு ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த அடைப்புகளில் பெரும்பாலானவை பழைய அறுவைக்குப் பின் வரும் ஒட்டுத்திசுக்களாலும், தொடையிடுக்கில் புடைக்கும் குடலிறக்கத்தாலும், புற்றாலும் வருபவை. வயிற்றில் தழும்பில்லை, எங்கும் புடைப்பில்லை. ஆனாலும் பித்தவாந்தியோடு வயிறு உப்பிக்கொண்டு ஒருவர் வருகிறார் என்றால், பொதுச் சராசரி அவருக்குப் பொருந்தாது. மற்ற காரணங்கள் விலக விலக, அரியதன் பங்கு கூடுகிறது. இந்த எளிய கணக்கை மறப்பதால்தான் நோய் தாமதமாகப் பிடிபடுகிறது என்பது என் வாதம்.

பிறவியில் வரும் உள் குடலிறக்கங்களில் பாதிக்கு மேற்பட்டவை முன்சிறுகுடலை ஒட்டியவை. அவற்றிலும் முக்கால் பங்கு இடப்பக்கத்தன. கருவின் பத்தாம் வார வாக்கில் குடல் வயிற்றறைக்குத் திரும்பும்போது, இறங்கு பெருங்குடலின் தாங்கிச் சவ்வு பின்சுவரோடு சரியாக ஒட்டாமல் போனால் அங்கே ஒரு பை மிஞ்சும். சிறுகுடல் அதற்குள் நுழைவதும் தானே வெளிவருவதுமாக ஆண்டுக்கணக்கில் இருக்கலாம். சி.டி. ஸ்கேனில் குடல் வளையங்கள் ஒரே பையில் திணித்ததுபோல் நெருங்கிக் கிடக்கும். அறுவையில் பையின் வாய் விளிம்பிலேயே கீழ்க் குடல்தாங்கிச் சிரை ஓடுவது தெரியும். வாயை அகலப்படுத்தும் கத்தி அந்தச் சிரையை அறிந்தே நகரவேண்டும்.

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்தின் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்பவர், சாப்பிட்டதும் சுருட்டிப் பிடிக்கும் வலியைக் ‘கேஸ்ட்ரிக்’ என்றுதான் கிளினிக்கில் சொல்வார். மருந்து குடித்ததும் வலி விடுகிறது. உண்மையில் மருந்தால் அல்லாமல் குடல் தானே நழுவி வெளிவந்ததாலும் அது விட்டிருக்கலாம். அதற்காகக் கேஸ்ட்ரிக் என்பவருக்கெல்லாம் ஸ்கேன் எடுப்பதா என்று கேட்பார்கள். கூடாது, கதிர்வீச்சும் செலவும் வீண். வாந்தியும் உப்பலும் சேர்ந்து திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே இந்த ஐயம் எழவேண்டும். வலி விட்டபின் எடுத்த படம் சரியாக இருப்பது நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. வலி இருக்கும்போதே எடுக்கவேண்டும். அடுத்த வலியில் கிளினிக்கைத் தாண்டி, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோலாலம்பூர் மருத்துவமனைக்கே நேராகப் போகச் சொல்லவேண்டும்.

மனிதக் கையால் உண்டாகும் திறப்புகளும் உண்டு. இரைப்பையோடு குடலை இணைத்தபின் விழும் இடைவெளி வழியே குடல் நுழைவதை ஜெர்மானிய மருத்துவர் வால்தர் பீட்டர்சன் 1900-லேயே விவரித்தார். உடல் எடை குறைக்கச் செய்யும் பைபாஸ் அறுவையில் இன்று அதே இடைவெளி மீண்டும் உருவாகிறது. எடை இறங்கித் தாங்கிச் சவ்வின் கொழுப்பு கரையும்போது அது இன்னும் விரிகிறது. 2023-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள் என்பதால், இதை மேலை நாட்டுச் சிக்கல் என ஒதுக்க முடியாது. இரைப்பையை மட்டும் குறுக்கும் ஸ்லீவ் அறுவையில் இந்த இடைவெளி விழாதே என்பது சரியான மறுப்பு. ஆனால் ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் மிகுந்தவர்களுக்குப் பைபாஸாக மாற்றுவதும் நடக்கிறது.

இடைவெளிகளைத் தைத்து மூடினால் போதுமா? 2016-ல் லான்செட் இதழில் வெளியான சுவீடன் ஆய்வில் 2507 பேர் இருந்தனர். மூன்றாண்டுகளில் குடலடைப்புக்காக மறு அறுவை தேவைப்பட்டோர், மூடாதவர்களில் 10.2 விழுக்காடு, மூடியவர்களில் 5.5 விழுக்காடு. மூடியவர்களுக்கு அறுவையை அடுத்த நாட்களில் கடுஞ்சிக்கல் சற்றுக் கூடுதலாக வந்தது உண்மை. குடல் இணைப்பு மடங்கிக்கொள்வதே அதற்கு முக்கியக் காரணம். அந்த விலை கொடுத்தும் மூடுவதே மேல் என்பேன். ஆனால் தையல் போட்டும் அடைப்பு வருகிறது. லேப்ராஸ்கோப்பியின் சிறு தழும்புகளோ கண்ணில் படாத அளவுக்கு மங்கிவிடுகின்றன. எந்த அறுவை, எந்த இடைவெளி மூடப்பட்டது என்ற ஒரு வரி நோயாளியின் கையிலேயே எழுத்தாக இருந்தால், நள்ளிரவில் அவசரப் பிரிவில் அவரைப் பார்க்கும் இளம் மருத்துவர் முதலில் எங்கே தேடவேண்டும் என்பது தெரிந்துவிடும்.