மாமுட் செம்புச் சுரங்கம்: பாறைக்குள் செம்பும் தங்கமும் வந்த கதை

சபா மாநிலம் ரானாவ் வட்டாரத்தில், கினபாலு மலையின் தென்கிழக்குச் சரிவில் இருக்கிறது மாமுட் செம்புச் சுரங்கம். 1975 முதல் 1999 வரை இயங்கிய இச்சுரங்கத்தில் சுமார் 6 லட்சம் டன் செம்பும் 45 டன் தங்கமும் கிடைத்தன. மலேசியாவில் பெரிய அளவில் செம்பு தோண்டப்பட்ட இடம் இதுவே.

கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மாமுட் புதிதாகத் தெரியும். லம்பங்களில் மணலோடு கலந்து கிடந்த தாதுவை நீரில் அலசிப் பிரித்தார்கள். மாமுட்டிலோ செம்பு கெட்டியான பாறைக்குள் பொடிப்பொடியாகச் சிதறிக் கிடந்தது. இதற்குப் ‘போர்பிரி’ படிவு என்று பெயர். நுண்ணிய மணிகளுக்கு நடுவே பெரிய படிகங்கள் புள்ளிபுள்ளியாகத் தெரியும் பாறைதான் போர்பிரி.

எப்படி உருவானது?

பூமிக்கடியில் சில கிலோமீட்டர் ஆழத்தில் பாறைக்குழம்பு மேலெழுந்து ஆறுகிறது. அப்போது அதில் கரைந்திருந்த நீர், கந்தகம், உலோகங்கள் ஆகியவை பிரிகின்றன. அழுத்தம் தாங்காமல் சுற்றியுள்ள பாறையில் மெல்லிய வெடிப்புகள் விழுகின்றன. அவற்றில் புகுந்த சூடான நீர் குளிரும்போது படிகக்கல்லும் தாதுக்களும் படிகின்றன. கினபாலு மலையின் கருங்கல் உருவானது 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. மாமுட் படிவும் அதே பாறைக்குழம்பின் தொடர்ச்சி.

என்னென்ன தாதுக்கள்?

முக்கியமானது சால்கோபைரைட். செம்பு, இரும்பு, கந்தகம் மூன்றும் சேர்ந்த பித்தளை நிறக் கனிமம் இது. தங்கம் கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உடன் இருக்கும். மூன்றாவது பைரைட். தங்கம் போல மின்னினாலும் இதில் இருப்பது இரும்பும் கந்தகமுமே.

1 டன் பாறையில் சுமார் 5 கிலோ செம்பும் அரை கிராம் தங்கமும் மட்டுமே இருந்தன. எனவே மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, பாறையை மாவாக அரைத்து, நுரையில் மிதக்கவிட்டுத் தாதுவைப் பிரித்தார்கள். அது ஜப்பானுக்குக் கப்பலேறியது. எஞ்சிய சேறு குழாய் வழியாக லோஹானில் உள்ள கழிவு அணைக்குப் போனது.

மூடிய பிறகும் ஓயாத சிக்கல்

குழியின் சுவர்களிலும் கொட்டிய பாறைகளிலும் பைரைட் தங்கிவிட்டது. காற்றும் மழைநீரும் பட்டால் அது கந்தக அமிலத்தை உண்டாக்கும். அந்த அமிலம் பாறையில் மிஞ்சிய செம்பையும் கரைக்கும். கரைந்த செம்பு சிறிதளவு ஆற்றில் கலந்தாலும் மீன்களுக்கு நஞ்சு.

மாமுட் குழியில் தேங்கி ஏரியான நீரின் பிஎச் அளவு 3-ஐ ஒட்டியது. ஏறக்குறைய வினிகரின் புளிப்பு. சுண்ணாம்பு சேர்த்தால் புளிப்பு தணியும், உலோகங்களும் அடியில் படியும். ஆனால் பைரைட்டில் காற்றும் நீரும் படும்வரை அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் இன்று இத்தகைய படிவுகளில் செம்பும் தங்கமும் எவ்வளவு என்று கணக்கிடுவதோடு, அந்தப் பாறை எவ்வளவு அமிலம் உண்டாக்கும் என்பதையும் தோண்டுவதற்கு முன்பே சோதிக்கிறார்கள்.