இஷிம்சே மலைக்கோட்டை

மாயர் என்றவுடன் அடர்ந்த கானகத்தின் நடுவே எழுந்து நிற்கும் கோயிற் கோபுரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், அக்கானக நகரங்களுட் பல பாழ்பட்டுச் சில நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும், குவாதமாலாவின் மேட்டுநிலத்தில் மாய இனத்தார் மலையுச்சிகளில் அரண் அமைத்து அரசாண்டு வந்தனர். அவ்வரண்களுள் ஒன்று இஷிம்சே.

அந்நகர் தோன்றிய வரலாறு சுவையானது. கக்சிகேல் மக்கள் தொடக்கத்தில் கிச்சே அரசருக்குத் துணைநின்ற படைவீரர்கள். கிச்சேயரின் தலைநகரில் அப்பம் விற்ற கக்சிகேல் பெண்ணொருத்தியிடம் கிச்சே வீரன் ஒருவன் அப்பத்தைப் பறிக்க முயன்றான். அவளோ கோலெடுத்து அவனை விரட்டினாள். இச்சிறு பூசல் பெருங் கலகமாக மூண்டது. முதிய மன்னன் கிக்காபே கக்சிகேல் தலைவர்களை அழைத்து, ஊரை விட்டு நீங்கிவிடுமாறு அறிவுறுத்தினானாம். கக்சிகேலரின் பழவரலாற்று நூல் இவ்வாறு கூறுகின்றது. அப்பத்தால் மட்டும் அரசு பிளந்திராது என்பது வெளிப்படை. உள்ளே புகைந்திருந்த பகைக்கு அது ஒரு பொறி எனலாம்.

நீங்கியவர்கள் 1470ஆம் ஆண்டளவில் இஷிம்சேயை எழுப்பினர். கடல் மட்டத்திற்கு மேல் 7,000 அடிக்கும் மிகுந்த உயரம். மூன்று புறமும் செங்குத்தான பள்ளத்தாக்கு. நிலத்தோடு இணைந்த பக்கத்தில் ஆழ்ந்த அகழி ஒன்றை வெட்டி, அரண்மனைகளும் கோயில்களும் பந்தாட்டக் களங்களும் அடங்கிய பகுதியைக் குடிமக்களின் இருப்பிடத்தினின்று பிரித்தனர். பகைவரை மட்டுமன்றித் தம் குடிகளையும் எட்ட நிறுத்த அவ்வகழி பயன்பட்டிருக்கும் போலும்.

1519 முதல் 1521 வரை கொள்ளைநோய் அந்நகரைச் சூறையாடியது. 1524 ஏப்ரலில் ஸ்பானியத் தளபதி பெத்ரோ தெ ஆல்வராதோ வந்தபொழுது, கிச்சேயர் மீதிருந்த பழம்பகையால் கக்சிகேலர் அவனை நண்பனென்றே வரவேற்றனர். எந்த அகழியும் அவனைத் தடுக்கவில்லை. வாயில் வழியே அழைத்து வரப்பட்டான். அவ்வாண்டு ஜூலையில் அங்கேயே ஸ்பானியத் தலைநகர் நிறுவப்பெற்றது. அடுத்து, பொன் கொணர்க என்று ஆல்வராதோ மன்னர்களை அச்சுறுத்தினான். ஆகஸ்டுத் திங்களில் மக்கள் தம் நகரைத் துறந்து காடுகளிற் புகுந்தனர். வெறுமையாய்க் கிடந்த ஊரை 1526இல் ஸ்பானியப் படையினின்று விலகியோடியவர்கள் தீக்கிரையாக்கினர். மன்னர்கள் காட்டிலிருந்தே போரிட்டு, 1530இல் தான் பணிந்தனர்.

1958 முதல் ஜார்ஜ் கில்லெமின் அங்கு அகழாய்வு நடத்தினார். இன்றும் மாய மக்கள் அவ்விடிபாடுகளுக்கிடையே நெருப்பு மூட்டி, தூபமிட்டு முன்னோரை வழிபடுகின்றனர்.