இரத்தக் கொதிப்பும் இரு பழமொழிகளும்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது ஒரு பழமொழி. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது மற்றொன்று. தமிழர் எந்த மாநிலத்தில் குடியேறினாலும் இவ்விரண்டையும் உடன் கொண்டே செல்கின்றனர். ஆனால், மக்கள் இரத்தக் கொதிப்பு என்று வழங்கும் மிகை இரத்த அழுத்தத்திற்கு இவை இரண்டுமே பொருந்தா. பொருந்தாமைக்குக் காரணத்தை, அந்நோயை மனிதன் சிறிது சிறிதாக அறிந்துகொண்ட வரலாறே நமக்கு எடுத்துரைக்கும். அவ்வரலாற்றில் நம் மலைநாட்டுச் செடி ஒன்றிற்கும் சிறந்த இடம் உண்டு.

கொதிப்பு என்ற பெயர் நம்மைச் சற்றே மயக்குவதாகும். இந்நோயில் இரத்தம் சூடேறுவதுமில்லை, கொதிப்பதுமில்லை. இதயம் இரத்தத்தை உந்தித் தள்ளும்போது அது குழாய்களின் சுவர்மீது செலுத்தும் அழுத்தம், இருக்க வேண்டிய அளவைக் கடந்து நிலைத்துவிடுகிறது, அவ்வளவே. முன்கோபியர்க்கே இந்நோய் வரும் என்பதும் அப்பெயரால் விளைந்த எண்ணமே. சாந்த குணமுடையோர்க்கும் இது வரும். வந்தது தெரியாமலும் இருக்கும்.

தெரியாத ஒன்றைத் தெரியச் செய்தது அளவை. இங்கிலாந்துப் பாதிரியாரான ஸ்டீபன் ஹேல்ஸ், குதிரையின் குருதிக் குழாயில் கண்ணாடிக் குழல் ஒன்றைப் பொருத்தி, இரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று கண்டு 1733-இல் வெளியிட்டார். மனிதரிடம் அம்முறையைக் கையாள இயலுமா? 1896-இல் இத்தாலிய மருத்துவர் ரீவா ரோச்சி, கையில் காற்றுப்பட்டையைச் சுற்றி அளக்கும் கருவியை அமைத்தார். 1905-இல் ருஷிய மருத்துவர் கொரோட்காவ், அப்பட்டைக்குக் கீழே செவிக்குழாயை வைத்து ஒலி கேட்டு இரு எண்களையும் அறியும் வழியைக் காட்டினார். இன்றும் மருத்துவர் கூறும் 120, 80 என்னும் இரு எண்கள் அவ்வழி வந்தவையே. பலமுறை அளந்தும் 140, 90 என்ற அளவிலோ அதற்கு மேலோ நிற்குமாயின் அதனை நோய் என்று கொள்வது பெருவழக்கு.

அளக்கக் கற்ற பின்னும் அதனைத் தணிக்க வேண்டும் என்ற துணிவு உடனே பிறக்கவில்லை. தடித்துப்போன குழாய்களின் வழியே இரத்தம் செல்ல மிகுந்த அழுத்தம் இன்றியமையாதது என்றே மருத்துவர் பலர் நெடுங்காலம் நம்பினர். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் இரத்த அழுத்தம் பல்லாண்டுகளாக உயர்ந்துகொண்டே வந்தது. 1945 ஏப்ரல் 12-ஆம் நாள் மூளையில் இரத்தக் கசிவுற்று அவர் இறந்தார். அன்று அளந்த அழுத்தம் 300, 190. உலகப் போரையே நடத்திய ஒருவருக்கும் இந்நோயைத் தணிக்கத் தக்க மருந்து அக்காலத்தில் கிட்டவில்லை.

மருந்து கிட்டாத காலத்திலும் உணவு பற்றிய அறிவு தோன்றியிருந்தது. உப்பைக் குறைத்தால் அழுத்தம் தணிகிறது என்று 1904-இலேயே பிரெஞ்சு மருத்துவர்களான அம்பார், போஜார் இருவரும் எழுதினர். ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவிற்குப் புகலிடம் தேடிச் சென்ற வால்ட்டர் கெம்ப்னர், டியூக் பல்கலைக்கழகத்தில் 1939-இல் ஒரு பத்திய உணவைத் தொடங்கினார். அவர் தம் நோயாளிகட்கு அளித்தவை யாவை? உப்பிடாத சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. கடும் நோயுற்றோர் பலர்க்கு அழுத்தம் தணிந்தது. அரிசி உண்ணும் நமக்கு இது வியப்பளிக்கலாம். சோற்றில் இயல்பாக உள்ள உப்பு மிகமிகக் குறைவு. எனினும் அப்பத்தியத்தை நெடுநாள் பொறுத்தவர் சிலரே. 1997-இல் வெளிவந்த மற்றோர் அமெரிக்க ஆய்வு, காய்கறி, பழம், முழுத்தானியம், கொழுப்பு நீக்கிய பால் ஆகியவை மிகுந்த உணவும் அழுத்தத்தைத் தணிக்கும் எனக் காட்டியது. இஃது எவரும் வாழ்நாள் முழுதும் உண்ணத் தக்கது.

ஆகவே குறை சோற்றிலன்று. சோற்றுக்குத் துணையாக வருவனவற்றில்தான். திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை நேயர்களில் பலர் கண்டிருக்கக் கூடும். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் எழுந்த அத்தெருவில் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அங்கு விலையாகும் அப்பளம், வடகம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு ஆகியவையே அயல் மாநிலத்துத் தமிழ் இல்லங்களில் ஊர் நினைவைக் காப்பவை. உப்பையும் மிகுதியாகச் சுமந்து வருபவை அவையே. அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதிலும் உப்பிலுள்ள சோடியமே உள்ளது. உலக சுகாதார நிறுவனம் வயது வந்தோர்க்கு விதித்த எல்லை நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. ஒரு சிறு தேக்கரண்டியில் தலைதட்டி எடுத்த உப்பு அவ்வளவே. இந்தியர் உண்பது அதனினும் மிகுதி என்றே ஆய்வுகள் கூறுகின்றன. உப்பை அறவே ஒழிக்க யாரும் சொல்லவில்லை. குப்பைக்குப் போக வேண்டியது உப்புக் குறைந்த பண்டமன்று, அந்தப் பழமொழியே.

இனி, மருந்தின் கதைக்கு வருவோம். கொச்சியில் டச்சுக்காரரின் தலைவராக இருந்த வான் ரீடு, மலையாள நாட்டின் செடிகொடிகளைப் பற்றி 12 தொகுதிகள் கொண்ட பெருநூல் ஒன்றைத் தொகுப்பித்தார். ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் இலத்தீன் மொழியில் அச்சேறியது. அதற்கு அறிவு வழங்கியவர்களுள் தலையாயவர் சேர்த்தலைப் பகுதி வைத்தியர் இட்டி அச்சுதன். கே. எஸ். மணிலால் அரிதின் முயன்று ஆக்கிய அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைத் திருவனந்தபுரத்திலுள்ள கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. அந்நூலின் ஆறாம் தொகுதியில் சுவன்ன அமல்பொடி என்ற பெயரில் ஒரு செடி காணப்படுகிறது. சுவன்ன என்பது நம் சிவந்த என்பதே. நாம் சர்ப்பகந்தி என்று வழங்கும் செடி அது.

பாம்புக்கடிக்கும் காய்ச்சலுக்கும் அதன் வேரைப் பயன்படுத்துவது நம் நாட்டில் பழைய வழக்கம். வடக்கே அது பைத்தியத்திற்கு மருந்தாகவும் விளங்கியது. 1931-இல் கல்கத்தா மருத்துவர்களான கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும், இவ்வேர் சித்தப்பிரமையோடு இரத்த அழுத்தத்தையும் தணிக்கிறது என்று எழுதினர். அதே ஆண்டில் டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் அவர்தம் குழுவினரும் வேரிலிருந்து சில சத்துக்களைப் பிரித்தனர். ஹக்கீம் அஜ்மல் கானின் நினைவாக ஒன்றிற்கு அஜ்மலின் என்று பெயரிட்டனர். ஆனால் மேலை நாடுகள் இவற்றைக் கவனித்தில. 1949-இல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், 50 நோயாளிகளிடம் கண்ட பயனை இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் வெளியிட்ட பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரிலிருந்த சீபா ஆய்வுக்கூடம், வேரின் முதன்மைச் சத்தாகிய ரெசர்பினைத் தனியே பிரித்தது. 1957-இல் வக்கீலுக்கு அமெரிக்காவின் லாஸ்கர் விருது கிடைத்தது.

இப்புகழின் மறுபக்கத்தையும் நாம் அறிதல் வேண்டும். ரெசர்பின் நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் சில பொருள்களை வற்றச் செய்து அழுத்தத்தைத் தணிக்கிறது. அதே செயல் மூளையிலும் நிகழ்வதால், மிகுந்த அளவில் உண்டோரிற் சிலர்க்குச் சோர்வும் மனத்தளர்ச்சியும் உண்டாயின. மூலிகையாதலின் தீங்கில்லை என்று எண்ணித் தாமே வாங்கி உண்பது எத்துணைப் பிழை என்பதற்கு இதுவே சான்று. வேரைத் தோண்டினால் செடியும் மடியும்; ஆதலால் காடுகளில் சர்ப்பகந்தி அருகியது. 1990 முதல் அதன் உலக வாணிகம் பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் உள்ளது.

எனினும் அந்த வேர் மற்றொரு பெருந்தொண்டும் செய்தது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்க்கான மருத்துவமனைகளில் எட்வர்ட் ஃபிரீஸ் நடத்திய ஆய்வின் முடிவு 1967-இல் வெளியாயிற்று. மிகுந்த அழுத்தமுள்ள 143 ஆடவரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மூன்று மருந்துகளும், மற்றவர்க்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்தனர். அம்மூன்றில் ஒன்று ரெசர்பின். போலி மாத்திரை உண்டோரில் 27 பேர் கடுமையான கேடுற்றனர். மருந்துண்டோரில் 2 பேர் மட்டுமே. மிகை அழுத்தத்தைத் தணிப்பது உயிரைக் காக்கும் என்று ஐயமற நிலைநாட்டிய முதற்பெரும் ஆய்வு இதுவே. நாளும் விடாது உண்டதாலன்றோ அப்பயன் விளைந்தது? மூன்று நாள் மருந்து என்ற பழமொழி வீழ்ந்த இடம் இதுதான். பின்னாளில் இன்னும் நல்ல மருந்துகள் வந்தமையால் ரெசர்பின் பின்தங்கியது. அம்லோடிபின், டெல்மிசார்ட்டன், குளோர்த்தாலிடோன் போன்றவை இன்று இந்திய அரசு மருத்துவமனைகளில் வழங்கப்படுகின்றன.

மருந்து இருந்தும் மக்கள் பயன்பெறவில்லையே என்பதே இன்றைய கவலை. 1976-இல் செயல்படத் தொடங்கிய திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர் கேரள மக்களிடையே இதனை ஆராய்ந்துள்ளனர். நோயிருப்பதை அறியாதார் பலர். அறிந்தும் மருந்துண்ணாதார் சிலர். உண்போரிலும் அழுத்தம் கட்டுக்குள் நிற்பவர் குறைவு. கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்கும் மாநிலத்திலேயே நிலைமை இதுவாயின், மற்ற இடங்களைச் சொல்லவும் வேண்டுமோ? இக்குறையைப் போக்க 2017-இல் தொடங்கிய இந்திய இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கேரளமும் முதற்கட்டத்திலேயே சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டு 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், மாத்திரையை இல்லத்திற்கே கொண்டு செல்கிறது. ஊரில் தனித்திருக்கும் பெற்றோர்க்கு அது கிடைக்கின்றதா என்று தொலைபேசியில் கேட்டறிவது மக்களின் கடமையாகும்.

அயல் மாநிலத்தில் வாழும் அன்பர்களே, நம் வாழ்வில் இந்நோய்க்கு வாய்ப்பு மிகுதி. விடுதிச் சாப்பாடு, இரவு வேலை, நடையற்ற நாள்கள், கேட்பார் இல்லாமையால் பெருகும் புகையும் மதுவும் ஒன்றுகூடுகின்றன. முப்பது வயது கடந்தோர் ஆண்டிற்கு ஒருமுறையேனும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் அழுத்தத்தை அளந்துகொள்க. நாளும் அரைமணி நேரம் விரைந்து நடக்க. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது மாத்திரையையும், அதன் பெயரும் அளவும் எழுதிய சீட்டையும் மறவாது எடுத்துச் செல்க. எண் இறங்கிவிட்டது என்று மருந்தைத் தாமாக நிறுத்தற்க. அவ்வெண்ணை இறக்கி வைத்திருப்பது அம்மருந்தே. குறைப்பதும் மாற்றுவதும் மருத்துவர் பொறுப்பு.

முன்னோர் மொழிகளைப் போற்றுவோம். காலம் மாறியவற்றை மாற்றியும் கொள்வோம். விருந்து மூன்று நாளாக இருக்கட்டும். இந்நோய்க்குரிய மருந்தோ நாள்தோறும் தொடரட்டும்.