விரல் இருக்கும் இடம்

டேப் பார்த்துக் கிட்டார் வாசிக்கிறவர்களைக் குறைவாகப் பேசும் வழக்கம் எங்கள் தொழிலில் உண்டு. ஸ்டாஃப் நொட்டேஷன் படித்து கிரேடு பரீட்சை எழுதியவர்தான் முறையாகக் கற்றவர், ஆறு கோடு போட்டு அதில் எண் எழுதி வாசிக்கிறவர் குறுக்கு வழிக்காரர் என்று ஒரு எண்ணம். பெரம்பூரில் பல வருஷமாகக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். நொட்டேஷனும் கற்பிக்கிறேன், டேப்பும் கற்பிக்கிறேன். அந்த எண்ணம் தவறு என்று ஆணித்தரமாகச் சொல்வேன். டேப் நேற்று இணையத்தில் முளைத்ததல்ல. தந்தி வாத்தியக்காரர்களின் சொந்த எழுத்து அது, வயது ஐந்நூறுக்கு மேல்.

அச்சில் வந்த முதல் டேப் புத்தகங்கள் 1507ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. வெனிஸ் நகரத்து ஒத்தாவியானோ பெத்ருச்சி, 1501இல் பல குரல் இசையை முதன்முதலாக அழகாக அச்சிட்டுக் காட்டியவர், ஆறு ஆண்டு கழித்து லூட் என்ற வாத்தியத்துக்குப் புத்தகம் போட்டார். இசை பிரான்செஸ்கோ ஸ்பினச்சினோவுடையது. பக்கத்தைத் திறந்தால் ஆறு கோடுகள், ஒவ்வொன்றும் ஒரு ஜோடித் தந்தி. கோட்டின்மேல் 0 இருந்தால் தந்தியை விரல் வைக்காமல் மீட்ட வேண்டும். 2 இருந்தால் இரண்டாவது ஃப்ரெட்டில், அதாவது மெட்டில், அழுத்த வேண்டும். எண்ணுக்குக் கீழே ஒரு புள்ளி இருந்தால் அதை ஆட்காட்டி விரலால் மேல்நோக்கி மீட்ட வேண்டும். கோடுகளுக்கு மேலே, எவ்வளவு நேரம் என்று சொல்ல, வால் வைத்த சிறு குச்சிகள். புத்தகத்தின் முன்பக்கத்தில், சுரம் பார்த்துப் பாடத் தெரியாதவர்களுக்கான விதிமுறை என்றே தலைப்பிட்டு ஒரு விளக்கம் இருக்கிறது. இசை படிக்கத் தெரியாத, ஆனால் வாசிக்க ஆசைப்பட்ட மனிதரை மனத்தில் வைத்து அந்த அச்சுக்கூடம் வேலை செய்திருக்கிறது. இதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

என் மாணவர்கள் முதல் வாரத்தில் தடுமாறும் இடம் ஒன்று. டேப்பில் மேல் கோடு மெல்லிய தந்தி. ஆனால் கிட்டாரை மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் மேலே இருப்பது தடித்த தந்தி. இத்தாலியர்கள் கண் பார்ப்பதுபோலவே எழுதினார்கள்: மேல் கோடு தடித்த தந்தி. பிரெஞ்சுக்காரர்கள் தலைகீழாக, மெல்லிய தந்தியை மேலே வைத்தார்கள், எண்ணுக்குப் பதில் எழுத்துப் போட்டார்கள். 'ஏ' என்றால் திறந்த தந்தி, 'பி' என்றால் முதல் ஃப்ரெட். லண்டனில் ஜான் டௌலண்டு 1597இல் வெளியிட்ட முதல் பாடல் புத்தகமும் இந்த வழிதான். ஜெர்மானியர்கள் கோடே போடவில்லை. தந்தியும் ஃப்ரெட்டும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனிக் குறி வைத்து, வாசிக்கிறவர் அத்தனையையும் மனப்பாடம் செய்யட்டும் என்று விட்டார்கள். அது கான்ராட் பௌமன் என்ற பார்வையற்ற இசைஞரின் கண்டுபிடிப்பு என்று மரபாகச் சொல்வார்கள். இன்று நாம் எழுதும் முறை, அதாவது மெல்லிய தந்தி மேலே, ஃப்ரெட்டுக்கு எண், அப்படியே இருப்பது 1536இல் வலென்சியாவில் லூயிஸ் மிலான் வெளியிட்ட 'எல் மாயெஸ்த்ரோ'வில். வாத்தியம் விஹுவேலா: பார்வைக்குக் கிட்டார் போல, தந்தி கட்டுவதில் லூட் போல. பாடகர் பாட வேண்டிய சுரங்களை அந்த எண்களுக்குள்ளேயே சிவப்பு மையில் அச்சிட்டிருக்கிறார் மிலான்.

நொட்டேஷன் ஒலியைச் சொல்கிறது, டேப் இடத்தைச் சொல்கிறது. நம் சரிகமபதநி எழுத்தும் ஒலியைத்தான் சொல்கிறது. வீணையில் அதை எந்தத் தந்தியில் எந்த மெட்டில் பிடிப்பது என்பது குருவின் கையைப் பார்த்துத் தெரிய வேண்டியது. கிட்டாரில் இது சின்ன விஷயம் இல்லை. முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் அதே 'ஈ' சுரம் இரண்டாம் தந்தியின் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாவதின் 9இலும், நான்காவதின் 14இலும், ஐந்தாவதின் 19இலும் கிடைக்கும். ஐந்தும் ஒரே சுருதி, ஐந்துக்கும் வேறு வேறு நிறம். ஸ்டாஃபில் அது ஒரே புள்ளி. பழைய லூட் கலைஞர் அதை எங்கே அழுத்தினார் என்று இன்றைக்கும் நமக்குத் தெரிகிறதென்றால் அது டேப்பின் உபயம்.

கிட்டார் என்று பெயர் போட்டு அச்சான முதல் இசை 1546இல் செவில் நகரில் வந்தது. அலோன்ஸோ முதாரா தன் விஹுவேலா தொகுதிக்குள் நான்கு ஜோடித் தந்திக் கிட்டாருக்கென்று ஆறே உருப்படிகள் வைத்தார். அவை நேர்த்தியானவை. ஆனால் ஊரைப் பிடித்தது வேறொன்று: ஐந்து ஜோடித் தந்தி கட்டிய ஸ்பானியக் கிட்டாரும், அதில் பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் கார்டுகளும்.

ஜுவான் கார்லெஸ் அமாத் காடலோனியாவில் வைத்தியம் பார்த்தவர். 1596இல் அவர் எழுதிய சிறு கையேடு 12 மேஜர், 12 மைனர் கார்டுகளுக்கு எண் கொடுத்து வட்டமாக அடுக்கிக் காட்டியது. பாட்டு எந்தச் சுருதிக்கு மாறினாலும் வட்டத்தில் நகர்ந்தால் போதும். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளிலும் அது மறுபதிப்புக் கண்டது. பத்து வருஷம் கழித்து, 1606இல், ஃப்ளோரன்ஸில் ஜிரோலமோ மொந்தெசார்தோ இன்னும் எளிதாக்கினார். விரல் வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. இத்தாலியில் இதற்கு 'அல்ஃபபெத்தோ' என்று பெயர்.

அந்த எழுத்துகளை முதன்முதலாகப் பார்த்தபோது கிட்டாரைக் கையில் எடுக்காமல் இருக்க முடியவில்லை. 'ஏ' என்ற எழுத்துக்கு உரியது இன்றைய ஜி மேஜர்: ஐந்தாம் தந்தியிலிருந்து 2-0-0-3-3. 'பி' இன்றைய சி மேஜர், 3-2-0-1-0. 'சி' என்றால் டி மேஜர், 'டி' என்றால் ஏ மைனர், 'எஃப்' என்றால் ஈ மேஜர். எழுத்துக்கும் சுரத்துக்கும் சம்பந்தம் இல்லை. வரிசையாக இட்ட பெயர்கள், அவ்வளவுதான். ஆறாவது தந்தியை மறந்துவிட்டால், என் வகுப்பில் முதல் மாதம் சொல்லித்தரும் வடிவங்கள் அத்தனையும் அங்கே இருக்கின்றன. 'ஜி' என்ற எழுத்து நம் எஃப் மேஜர். புதியவர்களைக் கண்கலங்க வைக்கும் அதே கார்டு. பின்னால் வந்தவர்கள் 'எச்' என்ற எழுத்தின் மேல் 3 என்று எழுதினார்கள்: அந்த வடிவத்தை அப்படியே மூன்றாவது ஃப்ரெட்டுக்குத் தள்ளு என்று பொருள். இன்று பார் கார்டு என்று நாம் செய்வது இதுவேதான். வலது கைக்கு ஒரு படுக்கைக்கோடு. கோட்டுக்குக் கீழே குச்சி தொங்கினால் கீழ்நோக்கி ஸ்ட்ரம், மேலே நின்றால் மேல்நோக்கி.

பாட்டுப் புத்தகங்களில் வரிகளுக்கு மேல் இந்த எழுத்துகள் ஏராளமாக அச்சாயின. பெரிய படிப்பில்லாதவரும் பாட்டுக்குக் கிட்டார் பிடித்தார். படித்தவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். 1611இல் ஸ்பானிய அகராதி தொகுத்த கோவருபியாஸ், குதிரை லாயத்துப் பையன்கூடக் கிட்டார்காரன் ஆகிவிட்டான் என்று அதிலேயே அங்கலாய்த்தார். எனக்கு அந்தப் பையன்கள் மேல்தான் நம்பிக்கை. பிரெஞ்சு இசையறிஞர் ராமோ 1722இல் தன் இசை நூலில் ஒரு கார்டின் அடிச்சுரம் மாறினாலும் கார்டு ஒன்றே என்று விளக்குவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, எந்தச் சுரம் அடியில் ஒலித்தாலும் 'ஏ' என்றால் 'ஏ'தான் என்று அவர்கள் கை பழகியிருந்தது. கார்டு என்பதை ஒற்றைப் பொருளாக நினைக்க ஐரோப்பாவைப் பழக்கியதில் அந்த எழுத்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் உறுதியான கருத்து.

டேப்பின் குறையையும் பழைய புத்தகங்களே காட்டுகின்றன. காஸ்பர் சான்ஸ் 1674இல் ஸரகோஸாவில் வெளியிட்ட கிட்டார் பாடநூலில் எந்த விரல் எங்கே என்பது துல்லியமாக இருக்கிறது. ஆனால் நான்காம், ஐந்தாம் ஜோடிகளில் தடித்த தந்தி கட்டுவதா மெல்லியது கட்டுவதா என்பதைப் பொறுத்து அதே எண் ஒரு ஸ்தாயி மாறி ஒலிக்கும். ரோமில் மெல்லியதும் ஸ்பெயினில் தடித்ததும் கட்டுகிறார்கள், நுணுக்கமாக மீட்ட மெல்லியதே நல்லது என்று சான்ஸ் எழுதிவைத்ததால் பிழைத்தோம். எழுதாமல் விட்டவர்களின் இசைக்கு இன்றும் வாதம் ஓய்வதில்லை. சான்ஸின் எண்களிலிருந்துதான் ஹோவாக்கின் ரொத்ரீகோ 1954இல் கிட்டார் கலைஞர் செகோவியாவுக்காக ஒரு கிட்டார்-ஆர்கெஸ்ட்ரா படைப்பை உருவாக்கினார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆறு ஒற்றைத் தந்திகள் வந்தன, சோர், ஜூலியானி போன்றோர் ஸ்டாஃபில் எழுதினார்கள், டேப் ஒதுங்கியது. கார்டு வடிவம் திரும்பியது 1920களின் அமெரிக்கப் பாட்டுத் தாள்களில், யுகுலேலிக்காகச் சிறு கட்டங்களில் புள்ளி வைத்து. 1948இல் பீட் சீகர் பாஞ்சோ கையேட்டில் டேப் போட்டார். அப்புறம் ராக் பத்திரிகைகள், அப்புறம் கணினித் திரையில் வெறும் கோடும் எண்ணுமாக.

இந்தக் கடைசித் தாவலில்தான் ஒரு நல்ல விஷயம் உதிர்ந்தது: மேலே இருந்த வால் குச்சிகள். எண் இருக்கிறது, நேரம் இல்லை. பாட்டை முன்பே கேட்டவர்தான் வாசிக்க முடியும். அதனால் மாணவர்களுக்கு நான் எழுதித் தரும் ஒவ்வொரு டேப்பிலும் கோடுகளுக்கு மேலே தாளக் குச்சிகளைப் போட்டுத்தான் தருகிறேன், பெத்ருச்சி போட்டபடியே. அவர்கள் கேட்டிராத உருப்படியையும் அதை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து தாங்களே எடுத்துவிடுகிறார்கள்.