மானாவாரி விவசாயிக்குக் கைபேசி எங்கே கைகொடுக்கும்?

திருச்சுழி, அருப்புக்கோட்டை பகுதியின் கரிசல் நிலங்களில் பருத்தி, மக்காச்சோளம், உளுந்து, குதிரைவாலி, மல்லி எல்லாமே வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான். கைபேசிச் செயலியை வைத்துக்கொண்டால் மகசூல் தானாகக் கூடிவிடாது. ஆனால் எந்த வேலையை எந்த நாளில் செய்வது என்று தெரிந்தால் வீண் செலவும் அலைச்சலும் குறையும்.

மழை நிலவரத்துக்கு, இந்திய வானிலை ஆய்வுத் துறை 2019-ல் வெளியிட்ட 'மேகதூத்' செயலி உள்ளது. அடுத்த ஐந்து நாட்களுக்கான மழை, காற்று, வெப்பநிலை விவரமும், செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் பயிர் ஆலோசனையும் தமிழிலேயே கிடைக்கும். மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு மருந்து அடித்த அன்றே மழை பிடித்தால் மருந்துச் செலவும் கூலியும் சேர்ந்தே போய்விடும். அதனால் ஆள் சொல்வதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். விதைப்புக்கு மட்டும் செயலியை முழுவதும் நம்ப வேண்டாம். நம் பகுதியில் ஓர் ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் தூறல்கூட விழாது. நிலத்தைத் தோண்டி ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தமிழக அரசின் 'உழவன்' செயலி 2018 ஏப்ரலில் வந்தது. விதை, உர இருப்பு, மானியத் திட்டங்கள், வாடகை இயந்திரங்கள், சந்தை விலை ஆகியவற்றை இதில் பார்க்கலாம். உர இருப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் ஒருநாள் வேலை மிச்சம்.

காப்பீட்டில் கவனம் தேவை

கைபேசியால் பெரிய பலன் கிடைப்பது பயிர்க் காப்பீட்டில்தான். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் உணவுப் பயிர்களுக்குக் காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவத்துக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம் வரை விவசாயி கட்ட வேண்டும். பருத்தி, மிளகாய் போன்றவற்றுக்கு 5 சதவீதம் வரை. பணம் கட்டியதும் ரசீதில் உள்ள பயிர், சர்வே எண், பரப்பு, வருவாய் கிராமம், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றை அடங்கலோடு அங்கேயே ஒப்பிட்டுப் பாருங்கள். அடங்கலில் பருத்தியும் ரசீதில் மக்காச்சோளமும் இருந்தால் இழப்பீடு சிக்கலாகிவிடும். கடைசி நாள் கூட்டத்தில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. ரசீதையும் அடங்கலையும் படம் எடுத்துக் கைபேசியில் வைத்திருங்கள்.

வறட்சியால் மகசூல் குறைந்தால், அறிவிக்கப்பட்ட கிராமம் அல்லது பிர்காவில் நடத்தும் அறுவடைப் பரிசோதனையை வைத்தே இழப்பீடு கணக்கிடப்படும். தனியாக மனு கொடுக்க வேண்டியதில்லை. ஆலங்கட்டி மழை, வயலில் நீர் தேங்குதல் போன்ற உள்ளூர்ப் பாதிப்பு வேறு. அதை 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ தெரிவிக்க வேண்டும். உங்கள் பயிருக்கு இந்தப் பிரிவு உண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

விலை விஷயத்துக்கு, 2016-ல் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தை உள்ளது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் எடை போட்டு, ஏலம் நடந்து, பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ஆனால் விதைப்பின்போதே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவருக்கு விலை தெரிந்தும் பெரிதாகப் பயனில்லை. அந்தக் கடனைக் கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ மாற்ற வழி பார்ப்பதுதான் முதல் வேலை.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் சாதாரண கைபேசியிலிருந்தே 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணுக்குக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே கேட்கலாம்.